நேற்றைய முடிவே தொடரட்டுமா?

காற்றுச் சுவரைப் பற்றி விளக்க ஆள் வந்த அன்று தாமரைக்கேணி பால்வாடியில் உட்கார இடமில்லை. குழந்தைகளின் குட்டி நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியேயும் தலைகள். ஊரே இப்படி ஒன்றாகக் கூடியது மேம்பாலத்துக்கு நிலம் எடுத்தபோதுதான். அதற்குப் பிறகு இப்போதுதான்.

அந்த மேம்பாலம் தாமரைக்கேணியை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. பத்து வழிச் சாலை. கார்களெல்லாம் மின்சாரத்துக்கு மாறிப் பல வருடங்கள் ஆகியும் துறைமுகத்து லாரிகள் டீசலை விடவில்லை. டீசலை விட்ட வண்டிகளும் டயர்த் தூளையும் பிரேக் தூளையும் இறைத்துக்கொண்டுதான் ஓடின. பாலத்துக்குக் கிழக்கே பழைய தெருக்கள், ஆயிரத்து அறுநூறு வீடுகள். மேற்கே குடிசை மாற்று வாரியத்தின் அடுக்குமாடிகள், எண்ணூறு வீடுகள். இரண்டு பக்கத்திலும் இருமாத வீடு கிடையாது.

வந்திருந்த பொறியாளர் பரணிதரனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பாலத்தின் இரு ஓரங்களிலும் புதிதாக நட்டிருந்த கம்பங்களைக் காட்டி விளக்கினான். ஒவ்வொரு கம்பமும் மெல்லிய தகடு போலக் காற்றை மேல்நோக்கி வீசும். கம்பத்துக்குக் கம்பம் அந்தக் காற்று சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவர் எழும்பும். சாலைப் புகை அதைத் தாண்டாது.

"அப்ப புகையே இருக்காதா தம்பி?" என்று கேட்டாள் அஞ்சுகம். அவள்தான் பால்வாடி டீச்சர். நாற்பத்தாறு வயது. கணவர் போய் ஒன்பது வருடம். மகன் ஓசூரில் வேலையில் இருந்தான். கிழக்குப் பக்கத்தில் தனியாக இருந்தாள்.

"அழிக்கிறதில்ல மேடம். தள்ளுது, அவ்வளவுதான்."

"எங்க தள்ளும்?"

"ஒரு பக்கம் சுவர் எழுப்பினா இன்னொரு பக்கம் போகும்."

ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒருவர், "ரெண்டு பக்கமும் எழுப்புப்பா!" என்று கத்தினார்.

"ரெண்டு பக்கமும் மூடினா பாலத்து மேல வண்டி ஓட்டறவனுக்குக் கண்ணு தெரியாது சார். மூச்சும் முட்டும். ஒரு பக்கம் திறந்துதான் இருக்கணும்." பரணிதரன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். "எந்தப் பக்கம்னு நாங்க முடிவு பண்ணக் கூடாதுன்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. இங்க இருக்கறவங்கதான் முடிவு பண்ணணும். திட்டத்துலயே அப்படித்தான் இருக்கு. குடியிருப்போர் பங்கேற்பு."

அன்றே காற்றுக் குழு அமைந்தது. பன்னிரண்டு பேர். வீடுகளின் எண்ணிக்கைப்படி கிழக்கிலிருந்து எட்டு, மேற்கிலிருந்து நான்கு. அஞ்சுகம் கிழக்கு. அவளோடு பால்வாடியில் ஆயாவாக வேலை பார்க்கும் ரெஜினா மேற்கு. பால்வாடி நல்ல கட்டடம், பூட்டுச் சாவியும் உண்டு என்பதால் கருவியை அங்கேயே சுவரில் மாட்டினார்கள். ஒரு தட்டு அகலத்தில் திரை. கீழே விரல் வைக்க ஒரு கண்ணாடி. குழுவில் யாராவது ஒருவர் தினமும் வந்து, மறுநாள் புகை எந்தப் பக்கம் என்று சொல்லி விரல் வைக்க வேண்டும்.

முதல் கூட்டத்தில் பெரிய சண்டை. அடிதடியாகிவிடும் என்ற நேரத்தில் அஞ்சுகம் எழுந்து, "ஒரு நாள் எங்களுக்கு, ஒரு நாள் உங்களுக்கு. பிள்ளைங்க ஊஞ்சலுக்குச் சண்டை போட்டா நான் அப்படித்தான் விடுவேன்" என்றாள். சிரித்துவிட்டார்கள். அதுவே தீர்மானமானது. நான்கு மாதம் அப்படியே நடந்தது.

அதைக் கெடுத்தவர் உலகநாதன். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். கிழக்குக்காரர். குழுவிலும் இருந்தார். மூச்சிரைப்புக்காரர் என்பதால் பம்பைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். புகை கிழக்கே வரும் நாளுக்கும் வராத நாளுக்கும் தனக்கு வித்தியாசமே தெரியவில்லை என்று அவருக்குச் சந்தேகம். மாசு அளவைக் காட்டும் பலகையோ முதல் மழையிலேயே பழுதாகி, யாரும் வந்து பார்க்காமல் கிடந்தது. ஒரு நாள் ஒரு மூங்கில் கழியில் சாம்பிராணித் தூபக்கால் ஒன்றைக் கட்டிக்கொண்டு போய்ப் பாலத்துக்குக் கீழே, கம்பத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். மேற்கே திருப்பியிருந்த நாளிலும் சாம்பிராணிப் புகை அவர் முகத்துக்குத்தான் வந்தது. மறுநாளும் அப்படியே. தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

"ஒரு சுவரும் இல்ல, மண்ணும் இல்ல. கம்பத்த நட்டாங்க, காசு வாங்கினாங்க, போய்ட்டாங்க. நம்ம வாயை மூட ஒரு டப்பாவ மாட்டிட்டுப் போயிருக்காங்க" என்றார்.

அதை நம்புவதற்கு யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. கருத்துக் கேட்புக் கூட்டம் என்று எத்தனை பார்த்திருக்கிறார்கள். பாலம் வேண்டுமா என்றுகூட ஒரு காலத்தில் கேட்டார்கள். வேண்டாம் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். குழுவில் ஒவ்வொருவராக வராமல் போனார்கள். கடைசிக் கூட்டத்துக்கு மூன்று பேர் வந்து, டீ குடித்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு கருவியோடு மிஞ்சியவர்கள் இருவர்: தினமும் அங்கே வேலைக்கு வந்தாக வேண்டிய அஞ்சுகமும் ரெஜினாவும்.

கருவி மட்டும் தன் வேலையை நிறுத்தவில்லை. ஞாயிறிலும் விடுமுறையிலும் முந்தின முடிவே நீடிக்கும்; மற்ற நாட்களில் பகல் இரண்டு மணிக்கு, சரியாகக் குழந்தைகள் சாப்பிட்டுத் தூங்கும் நேரத்தில், வெண்கலக் குரலில் பேசும்: "தாமரைக்கேணி காற்றுக் குழுவுக்கு வணக்கம். நேற்றைய முடிவே தொடரட்டுமா? ஆம் எனில் விரலை வையுங்கள்." வைக்காவிட்டால் இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும், இன்னும் கொஞ்சம் சத்தமாக. இருபத்திரண்டு குழந்தைகள். ஒன்று எழுந்தால் எல்லாம் எழுந்துவிடும். அஞ்சுகம் மடியில் ஒன்றைத் தட்டிக்கொண்டே எட்டி, கட்டைவிரலை வைப்பாள். "நன்றி" என்று அடங்கும்.

ஒரு தடவை அலுவலகத்துக்கு போன் போட்டு, இதை நிறுத்த முடியாதா என்று கேட்டாள். கோரிக்கையைப் பதிவு செய்துகொண்டதாகச் சொன்னார்கள்.

அந்த ஆண்டு பங்குனியில் ரெஜினா முழுகாமல் இருப்பது தெரிந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருடம். ஏற்கெனவே இரண்டு முறை கலைந்திருந்தது. அஞ்சுகம் அவளைக் குழம்புப் பாத்திரம் தூக்க விடவில்லை. குனிந்து பெருக்க விடவில்லை. "நீ அந்த நாற்காலியில உக்காந்து பிள்ளைங்களப் பாத்துக்கோ, அது போதும்" என்று சொல்லிவிட்டு, அடுப்பு வேலையையும் தானே இழுத்துப் போட்டுக்கொண்டாள். அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் ரெஜினா பேருக்குக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"பொண்ணு பொறந்தா உங்க பேருதான் வைக்கணும்னு அவருகிட்ட சொல்லிட்டேன்" என்றாள் ஒரு நாள்.

"அஞ்சுகம்னா? உங்க சாமியாரு ஒத்துக்குவாரா?"

"செலஸ்டின் அஞ்சுகம்னு வச்சா ஒத்துக்குவாரு."

மேற்குப் பக்கத்தில் துணி காயப்போட்டால் ஒரே நாளில் சாம்பல் பூத்துவிடுகிறது என்றும் ரெஜினா சொல்லியிருக்கிறாள். பாலத்தில் எங்கேயாவது வேலை நடக்கும் என்றாள் அஞ்சுகம். அவர்களுக்கு வேறென்ன தோன்றும்?

ஏழாம் மாதம் முடிவதற்குள் ஒரு மத்தியானம் ரெஜினாவுக்கு வலி கண்டது. ஆட்டோவில் அஞ்சுகம்தான் கூட்டிக்கொண்டு போனாள். பெண் குழந்தை. ஒரு கிலோ நூறு கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்பது நாள் இருந்தது. நுரையீரல் விரியவில்லை என்றார் டாக்டர். ஏன் என்று ரெஜினாவின் கணவன் லூர்துராஜ் கேட்டான். சில குழந்தைகளுக்கு அப்படி ஆவதுண்டு என்றார். நர்ஸ் ஒருத்தி ஞானஸ்நானமாகத் தண்ணீர் தெளித்துப் பேர் வைத்தாள். பத்தாம் நாள் ஒரு தோல்பை அளவுப் பெட்டியில் வைத்துக் கொண்டு போனார்கள்.

பாத்திரம் தூக்கினாள், அதனால்தான் என்று லூர்துராஜின் அம்மா சொன்னாள். இல்லை என்று அஞ்சுகம் நேரில் போய்ச் சத்தியம் செய்தாள். ஆனால் வீட்டுக்கு வந்து, அதிகாரிகள் வந்த நாளில் அவள் எத்தனை நேரம் அடுப்பருகே நின்றாள் என்று யோசித்து யோசித்துப் பார்த்தாள். ஒன்றரை மாதம் கழித்து ரெஜினா வேலைக்குத் திரும்பினாள். குழந்தைகளுக்குச் சாதம் ஊட்டும்போது மட்டும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

நித்திலா வந்தது தை மாதம். திட்டத்தை ஆய்வு செய்த நிறுவனத்திலிருந்து வருவதாகச் சொன்னாள். கண்ணாடி போட்ட, சுறுசுறுப்பான பெண். கையில் ஒரு கேடயமும் பொன்னாடைப் பெட்டியும். ரெஜினா அன்று தடுப்பூசி முகாமுக்குப் போயிருந்தாள்.

"முப்பத்தேழு ஊர்ல காற்றுக் குழு அமைச்சோம் மேடம். முப்பத்தாறும் ஆறு மாசத்துல செயல்படாமப் போயிருச்சு. உங்க குழு மட்டும்தான் ஒரு நாள்கூட விடாம முடிவெடுத்திருக்கு. மாநிலத்துலயே சிறந்த குடியிருப்போர் குழுன்னு உங்களத்தான் தேர்ந்தெடுத்திருக்கோம்."

அஞ்சுகத்துக்குச் சிரிப்பு வந்தது. "நாங்க எங்கமா முடிவெடுத்தோம்? அதுதான் வேலையே செய்யலியே."

"எது?"

"சுவரு. எங்க ஆளு ஒருத்தரு சாம்பிராணி போட்டுப் பாத்துட்டாரு. கீழ காத்தே வரல."

"கீழ வராது மேடம்." நித்திலா பொறுமையாகச் சொன்னாள். "சுவர் பாலத்து மட்டத்துல இருந்துதான் தொடங்கும். தரையிலேர்ந்து முப்பதடி. புகை அங்கேர்ந்துதானே இறங்குது?"

அவள் தன் கைக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். நடுவில் ஒரு கோடு, பாலம். கிழக்கே எல்லாம் வெளிர் பச்சை. மேற்கே அடர்ந்த காவி. "ரொம்பத் தெளிவா வந்திருக்கு பாருங்க. கிழக்குல மூச்சிரைப்புன்னு ஆஸ்பத்திரிக்குப் போனவங்க பாதியாக் குறைஞ்சிருக்காங்க. பதினாலு மாசம் ஒரே பக்கம் விட்டதால எங்களுக்கு இவ்வளவு சுத்தமான தரவு வேற எங்கயும் கிடைக்கல."

"ஒரே பக்கமா?"

"மேற்கு. கடைசியா குழு கூடின அன்னிக்கு மேற்குன்னு பதிவாகியிருக்கு. அதுக்கப்புறம் தினமும் அதையே தொடரச் சொல்லி உறுதி பண்ணியிருக்கீங்க." நித்திலா பேனாவை எடுத்தாள். "அதைத்தான் கேட்கணும்னு வந்தேன். எந்த அடிப்படையில மேற்குன்னு முடிவு பண்ணீங்க? வீடுகள் குறைவுங்கறதாலயா?"

அஞ்சுகம் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளையே பார்த்தாள். பிறகு மெதுவாக, "விரல் வைக்காம விட்டிருந்தா?" என்றாள்.

"மூணு நாள் பார்க்கும். அப்புறம் சுவர் தானா நின்னுடும். மத்த ஊர்லல்லாம் அப்படித்தான் நின்னுச்சு. ரெண்டு பக்கமும் பழையபடி பாதிப் பாதி."

"மேக்கால... அங்க என்ன ஆச்சு?"

நித்திலாவின் சுறுசுறுப்பு கொஞ்சம் குறைந்தது. "கூடியிருக்கு. வயசானவங்க, குழந்தைங்க. குறைப்பிரசவமும்." கைக்கணினியின் திரையை அணைத்தாள். "ஒரு பக்கம் குறைஞ்சா ஒரு பக்கம் கூடத்தான் செய்யும் மேடம். அதனாலதான் முடிவை உங்ககிட்டயே விட்டது. நாங்க பண்ணினா அது தப்பில்லையா?"

போகும்போது, அஞ்சுகம் கேட்டதற்காக ஒரு தாளை அச்சிட்டுக் கொடுத்தாள். அந்தப் பதினாலு மாதமும் யார் எந்த நாளில் விரல் வைத்தார்கள் என்ற பட்டியல். அஞ்சுகம் அதைச் சாயங்காலம் வரை மடித்தபடியே வைத்திருந்தாள். வீட்டில் பிரித்தாள். தன் பெயர் இருநூற்று அறுபத்திரண்டு முறை. ரெஜினாவின் பெயர் தொண்ணூற்றாறு முறை. அந்தத் தொண்ணூற்றாறும் சிதறிக் கிடக்கவில்லை. சித்திரையில் ஆரம்பித்து, ஒரே வரிசையாக, வலி கண்ட நாளுக்கு முந்தின நாள் வரை. பாத்திரம் தூக்காதே, அந்த நாற்காலியில் உட்கார் என்று அவள்தானே சொன்னாள். நாற்காலி கருவிக்குக் கீழேதான் இருந்தது.

மறுநாள் கருவி கேட்டபோது, முதல் தடவையாக அஞ்சுகம் "இல்லை" என்பதைத் தேடித் தொட்டாள். முடிவை மாற்றக் குழுவில் ஏழு பேர் ஒப்புதல் தேவை என்று எழுத்து வந்தது. விரலே வைக்காமல் விட்டாள். குழந்தைகள் விழித்து அழுதார்கள். ரெஜினா எழுந்து வந்து, "என்னக்கா, அத அமுக்குங்களேன்" என்று கையை நீட்டினாள். அஞ்சுகம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம். ரிப்பேரு. தொட்டா ஷாக் அடிக்குது" என்றாள்.

மூன்று நாள் தாக்குப்பிடித்தால் போதும் என்று நினைத்தாள். இரண்டாம் நாளே குழு உறுப்பினர் பன்னிரண்டு பேரின் போனுக்கும் செய்தி போயிற்று: உங்கள் குழு பதிலளிக்கவில்லை, உங்கள் பகுதிக்கான காற்றுப் பாதுகாப்பு நிறுத்தப்படவிருக்கிறது. கூடவே நித்திலாவின் பச்சையும் காவியும் கலந்த படம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூட்டம். ஒரு வருடத்துக்கு மேல் எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்தார்கள். கிழக்குப் பகுதி நலச் சங்கச் செயலாளர் திருமேனி தலைமை தாங்கினார். மேற்கிலிருந்து ரெஜினாவும், லாரி மெக்கானிக் ஜெய்லானியும், இன்னும் இருவரும். ரெஜினாவுக்குப் போன் செய்தி புரிந்திருக்கவில்லை. ஏதோ பரிசு கொடுக்கிறார்கள் என்று நினைத்து வந்திருந்தாள்.

அஞ்சுகம் எழுந்து நின்றாள். ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"சுவரு வேலை செஞ்சிருக்கு. பதினாலு மாசமும் புகை மேக்காலயே போயிருக்கு. நான்தான் தினம் விரல் வச்சேன். தெரியாம வச்சேன். இருந்தாலும் வச்சது நான்தான்" என்றாள். "ரேஷன் கடையில கைநாட்டு வைக்கற மாதிரி வச்சுட்டேன். மேக்கால இருக்கறவங்க என்ன மன்னிக்கணும். இன்னிலேர்ந்து பழையபடி ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திக்கலாம்."

யாரோ கைதட்டினார்கள். முதலில் ஒருவர், பிறகு நாலைந்து பேர். நித்திலா விட்டுப்போன பெட்டியைத் திருமேனி பிரித்துப் பொன்னாடையை எடுத்தார்.

"நாமெல்லாம் கைவிட்டோம். ஒரு பொம்பளை, ஒத்த ஆளா, ஒரு நாள் லீவு போடாம நம்ம பக்கத்தக் காப்பாத்தியிருக்காங்க" என்று சொல்லி, அஞ்சுகம் விலக்க விலக்க அவள் தோளில் போர்த்தினார்.

"வேணாம் சார். நான் காப்பாத்தல சார்."

"அடக்கம்" என்றார் திருமேனி கூட்டத்தைப் பார்த்து.

ஜெய்லானி எழுந்தான். "பொன்னாடையெல்லாம் இருக்கட்டும். அவங்க கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள்னுதானே பேசுனோம்? எங்க பில்டிங்ல மட்டும் போன வருஷம் நாலு மையத்து எடுத்திருக்கோம்."

உலகநாதன்தான் பேசினார். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு. "நான்தான் கெடுத்தேன். ஒத்துக்கறேன். ஆனா ஜெய்லானி, நான் பம்ப் அடிச்சு பத்து மாசமாச்சு. மாடிப்படி ஏறுறேன். படுத்துத் தூங்குறேன். முப்பது வருஷமா உக்காந்தபடிதான் தூங்கினேன். இப்ப அதத் திருப்பிக் குடுன்னா எப்படிப்பா குடுக்கறது?" சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எனக்கு மனசு வரமாட்டேங்குது. என்ன மனுஷன்டா நீன்னு கேளு, கேட்டுக்கறேன்."

ஜெய்லானி உட்கார்ந்துவிட்டான்.

கை தூக்கச் சொன்னார்கள். மாற்ற வேண்டும் என்று மேற்கின் நான்கு கைகளும் அஞ்சுகத்தின் கையும். தொடர வேண்டும் என்று ஏழு கைகள். உலகநாதனின் கைதான் கடைசியாக எழுந்தது. தினமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம் என்று, ஒரு வருடத்துக்கும் சேர்த்தே பதிவு செய்தார்கள். கருவியில் அதற்கும் வசதி இருந்தது. திருமேனி விரல் வைத்தார்.

எல்லோரும் போன பிறகு ரெஜினா மட்டும் குட்டி நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அஞ்சுகம் பொன்னாடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள்.

"அக்கா."

"ம்."

"பாப்பா வயித்துல இருந்தப்பவும் மேக்காலதானா?"

"ஆமாடி."

ரெஜினா ஒரு நாற்காலியைப் பிடித்தபடியே நின்றாள். "அப்ப நான்தானே அக்கா அமுக்குனேன்? நீங்க அடுப்பாண்ட இருப்பீங்க. பிள்ளைங்க முழிச்சுக்குமேன்னு நான்தானே தினம் எந்திரிச்சு..."

அஞ்சுகம் அவளை முடிக்க விடவில்லை. "நீ அமுக்குனது ஏறவேயில்ல."

"நன்றின்னு சொல்லுமே?"

"சொல்லும். உள்ள ஏறாது. பாத்திரம் கழுவிக் கழுவி உன் ரேகையெல்லாம் தேஞ்சு கிடக்குதாம். ரேஷன் கடையிலயே உன் விரலை எடுக்காம உன் புருஷன்தானே போறான்? அது மாதிரிதான். உன்னுது சரியில்லன்னு என் போனுக்கு வரும். சாயங்காலம் நான் ஆமான்னு போட்டுடுவேன். அந்தப் பொண்ணு பட்டியலே காட்டுச்சு. எல்லா நாளும் என் பேருதான்."

ரெஜினா தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். அவள் தோள்கள் மெல்ல இறங்கின. பெரிய பாரத்தை இறக்கி வைத்தவள் போல ஒரு மூச்சு விட்டாள். பிறகு அஞ்சுகத்தை நிமிர்ந்து பார்த்தபோது அந்த முகத்தில் பழக்கமான எதுவும் இல்லை.

"அப்ப எல்லாம் நீங்கதான்."

"ஆமா. நான்தான்."

இடுப்பிலிருந்த சாவியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு ரெஜினா போனாள். அந்த வாரமே வேறு பால்வாடிக்கு மாற்றல் எழுதிக் கொடுத்தாள். அஞ்சுகம் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டாள். கடைத்தெருவில் எதிரே பார்த்தால் ரெஜினா சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவாள். மேற்குப் பக்கத்துப் பெண்கள் பால்வாடி வாசலைத் தாண்டும்போது கேட்கும்படி எதையாவது சொல்லிவிட்டுப் போனார்கள். அஞ்சுகம் கேட்டுக்கொண்டாள். ரெஜினா வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள், பிள்ளைகளுக்கு இப்போது முகம் திருப்பாமல் ஊட்டுகிறாள் என்று புது பால்வாடி டீச்சர் ஒரு மாதாந்திரக் கூட்டத்தில் சொன்னாள். அதைக் கேட்ட அன்று அஞ்சுகம் நன்றாகத் தூங்கினாள்.

நாற்பது நாள் கழித்து ஒரு முற்பகலில், அவள் வீடு பூட்டியிருந்ததால் தபால்காரர் பால்வாடிக்கே வந்தார். அட்டை வைத்த பெரிய உறை. உள்ளே தங்க நிறக் கரை போட்ட சான்றிதழ். 'நெடுஞ்சாலையோர மக்களின் நலனைக் காக்கும் முடிவுகளில் 262 நாட்கள் பங்கேற்றமைக்காகத் திருமதி அஞ்சுகம் அவர்களுக்கு' என்று அழகான எழுத்தில் இருந்தது. கீழே நித்திலாவின் கையெழுத்து. கூடவே ஒரு கடிதம்: பங்கேற்ற குடியிருப்போர் அனைவருக்கும் அவரவர் வீட்டு முகவரிக்கே சான்றிதழ் அனுப்பப்படுகிறது.

"இந்த மாதிரி இன்னொண்ணு இருந்துச்சா?" என்றாள் அஞ்சுகம்.

"மேக்கால ஒண்ணு. இப்பதான் குடுத்துட்டு வரேன்" என்றார் தபால்காரர்.

குழந்தைகளைப் புது ஆயாவிடம் விட்டுவிட்டு அவள் ஓடினாள். மேம்பாலத்தின் கீழே, தூண்களுக்கு நடுவே, செருப்பு ஒன்று கழன்றுபோனதைக்கூட எடுக்காமல் ஓடினாள். மூன்றாம் மாடி. அவளுக்குப் படியேறிப் பழக்கமில்லை. ரெஜினா அன்று விடுப்பில் இருப்பாளா, வீடு பூட்டியிருக்குமா, உறை கதவிடுக்கில் கிடக்குமா என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு நினைப்பு.

கதவு திறந்திருந்தது. ரெஜினா தரையில், சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சான்றிதழ் மடியில் இருந்தது; அதில் '96 நாட்கள்' என்று தெரிந்தது. அட்டை மடங்காமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

வாசலில் நின்று அஞ்சுகம் மூச்சு வாங்கினாள். தப்பு அச்சாகிவிட்டது என்று சொல்லலாம். வேறு ரெஜினா என்று சொல்லலாம். அதற்கெல்லாம் மூச்சு வேண்டும்.

ரெஜினா தலையைத் தூக்கினாள். நாற்பது நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தாள்.

"உள்ள வாங்கக்கா" என்றாள்.

அஞ்சுகம் உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ரெஜினா நகர்ந்து இடம் விட்டாள். ஜன்னல் கம்பியில் கறுப்பாகத் தூசி படிந்திருந்தது. அதற்கு வெளியே, கைநீட்டினால் தொட்டுவிடலாம் போல, லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

வெகுநேரம் கழித்து ரெஜினா மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"அவரு மூணு மணிக்கு வந்துருவாரு. இத எங்கக்கா வைக்கறது?"